சமரசமும் கட்டுப்பாடும்: சீனச் சமூகத்தின் பூசல் தீர்வு முறைகளும் குற்றவியல் ஆய்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

சீனச் சமூகத்தில் பூசல்களையும் சிறு குற்றங்களையும் கட்டுப்படுத்துவதில் நீதிமன்றத்துக்கு வெளியே நிகழும் சமரசத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது குற்றவியல் நூல்களில் பரவலாகக் காணப்படும் கருத்தாகும். சீரமைப்பு நீதிக்கு ஆசியா தரும் சான்றாகவும் அது எடுத்தாளப்படுகிறது. சமரசம் என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை காலந்தோறும் வேறுபட்ட அதிகார உறவுகளாக இருந்துள்ளன. சமரசத்தை மறுத்துவிட்டுத் தீர்ப்புக் கோரும் வழி சம்பந்தப்பட்டவருக்கு உண்மையில் திறந்திருந்ததா என்னும் வினாவைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சிங் அரசமரபுக் கால வழக்கு ஆவணங்கள், 1963இல் உருவான ஃபெங்ச்சியாவ் முறை, 2005ஆம் ஆண்டின் டொங்யாங் போராட்டம், அண்மைக்கால மணமுறிவு வழக்குகள் ஆகியவை குறித்த ஆய்வுகள் இவ்வாதத்துக்கு அடிப்படையாகின்றன.

திறவுச்சொற்கள்: சமூகக் கட்டுப்பாடு, மக்கள் சமரசம், ஃபெங்ச்சியாவ் முறை, சீரமைப்பு நீதி, நாணுறுத்தல், மணமுறிவு.

முன்னுரை

சீனச் சட்டச் சமூகவியலில் அடிக்கடி விவாதிக்கப்படும் வழக்குகளுள் ஒன்று எந்த நீதிமன்றத்திலும் நடந்ததன்று, திரைப்படத்தில் நடந்தது. ஜாங் யிமோ இயக்கி 1992இல் வெளிவந்த ‘சியூ ஜூவின் கதை’ என்னும் படத்தில், ஊர்த்தலைவர் ஒரு வாய்ச்சண்டையில் சியூ ஜூவின் கணவனை உயிர்நிலையில் உதைத்துவிடுகிறார். கருவுற்றிருக்கும் அவள் கேட்பது பணமன்று, ‘ஷுவோஃபா’ கேட்கிறாள். ‘நியாயம் சொல்’ என்றும் ‘பதில் சொல்’ என்றும் இருவகையாகவும் தமிழில் பொருள்கொள்ளத்தக்க சொல் அது. ஊர்க்காவலர் சமரசம் பேசி, மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்குமாக 200 யுவான் தரச்செய்கிறார். தலைவரோ அந்தத் தாள்களைத் தரையில் வீசி, குனிந்து பொறுக்கிக்கொள்ளச் சொல்கிறார். அவள் அதைத் தொடாமல் மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் பின்னர் நீதிமன்றத்துக்கும் போகிறாள். இடையில் அவளது பேறுகால இக்கட்டில் ஆள்திரட்டித் தூக்கிச்சென்று உயிர்காப்பவரும் அதே தலைவர்தாம். குழந்தையின் ஒருமாத நிறைவு விருந்தன்று, ஊடுகதிர்ப் படத்தில் விலா எலும்பு முறிவு தெரியவந்ததால் தலைவரை 15 நாள் காவலில் வைக்கக் காவல்துறை அழைத்துச் செல்கிறது. வண்டியின் ஒலியைத் தொடர்ந்து ஓடிச் சாலையில் திகைத்து நிற்கிறாள் சியூ ஜூ. அவள் கேட்டது அதுவுமன்று.

பீக்கிங் பல்கலைக்கழகச் சட்ட அறிஞர் சூ லி, 1996இல் வெளியான நூலில் இத்திகைப்பை விரிவாக ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்த நவீனச் சட்டம், ஊரார் ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த நீண்டகால எதிர்பார்ப்புகளை அறுத்துவிட்டது. சீனத்தின் சட்ட ஆட்சி மண்சார்ந்த வளங்களைக் கணக்கிற்கொள்ள வேண்டும் என்பது அவரது முடிபு. செல்வாக்குப் பெற்ற வாசிப்பு இது. ஆனால் இவ்வாசிப்பில் தரையில் கிடக்கும் 200 யுவான் போதிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது. சட்டம் உள்ளே நுழையுமுன்பே மண்சார்ந்த வளம் ஒருமுறை முயன்று தோற்றிருந்தது. சமரசம் பேசியவரும் உதைத்தவரும் ஒரே நிருவாக ஏணியின் அடுத்தடுத்த படிகளில் இருந்தவர்கள். தவறு செய்தவர் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே பூசல் ‘தீர்க்கப்பட்டது’. இத்தகைய தீர்வைச் சமரசம் என்பதா, கட்டுப்பாடு என்பதா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சொல்லும் பொருளும்

சீனத்தில் ‘தியாவ்ஜியே’ எனப்படுவதைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்பது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று. ‘சமரசம்’ என்றால் இருவரும் சமமாக விட்டுக்கொடுத்தனர் என்னும் பொருள் தானே ஒட்டிக்கொள்கிறது. ‘பஞ்சாயத்து’ என்றால் ஊர்ப்பெரியவரின் தீர்ப்பு நினைவுக்கு வரும். ‘கட்டப் பஞ்சாயத்து’ என்றால் மிரட்டலே முன்நிற்கும். சீனச் சொல் இம்மூன்றையும் தழுவி நிற்கிறது. குடியிருப்புக் குழுவின் மூத்த பெண்மணி அண்டை வீட்டாரின் தண்ணீர்க் கசிவுச் சண்டையைத் தீர்ப்பது தியாவ்ஜியே; நீதிபதி வழக்கின் நடுவே இரு தரப்பையும் அழைத்து உடன்பாட்டுக்கு வரச்செய்வதும் தியாவ்ஜியே; காவல்துறை அடிதடி வழக்கை இழப்பீட்டுடன் முடித்துவைப்பதும் அதுவே. இவை மூன்றையும் ஒரே பட்டியலில் கூட்டிக் காட்டும் ஒப்பீட்டு நூல்களே குழப்பத்தின் முதற் காரணம். வேறு தக்க சொல் கிட்டாமையால் இக்கட்டுரையும் ‘சமரசம்’ என்றே எழுதுகிறது. சமத்துவம் என்னும் உட்பொருளை மட்டும் வாசகர் ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கின்மை என்னும் இலட்சியம்

சீனர் இயல்பாகவே வழக்காட விரும்பாதவர்கள்; கன்பூசியச் சிந்தனை அவர்களை அவ்வாறு பழக்கியது என்பது பழைய கருத்து. வழக்கே எழாத நிலைதான் சிறந்த ஆட்சியின் அடையாளம் என்னும் எண்ணம் கன்பூசிய மரபில் உண்டு என்பதில் ஐயமில்லை. நிலம், கடன், மணம், வாரிசுரிமை ஆகியவை பற்றிய வழக்குகளைச் சிங் அரசு ‘அற்ப விவகாரங்கள்’ என்று வகைப்படுத்தி ஊராரிடமும் குலத்தாரிடமும் விட்டுவிட விரும்பியதும் உண்மையே.

ஆவணங்கள் காட்டுவது வேறு. வரலாற்றறிஞர் ஃபிலிப் ஹுவாங், சிச்சுவானின் பாசியான், தலைநகரை அடுத்த பாவ்டி, தைவானின் தன்ஷுய்-சின்ஜூ ஆகிய மூன்று பகுதிகளின் ஆவணக்காப்பகங்களிலிருந்து 628 வழக்குகளை ஆராய்ந்து 1996இல் நூலாக வெளியிட்டார். அற்ப விவகாரங்கள் என்று அரசு ஒதுக்கியவற்றுக்காகச் சாதாரண உழவர்கள் மாவட்ட அதிகாரியின் நீதிமன்றப் படியேறிக்கொண்டே இருந்தனர். முறையான விசாரணை வரை வந்த வழக்குகளில் அந்த அதிகாரி இருவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பும் தந்தையாக நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலும் சட்டத்தொகுப்பின்படி ஒரு தரப்புக்குச் சார்பாகத் தெளிவாகத் தீர்ப்பளித்தார்.

ஹுவாங்கின் கண்டறிதலில் நமக்கு மிகவும் பயன்படுவது அவர் ‘மூன்றாம் தளம்’ என்று பெயரிட்டதாகும். மனு ஏற்கப்பட்டதும் அதன்மீது அதிகாரி எழுதும் குறிப்பு இரு தரப்புக்கும் தெரியவரும். வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொண்டு ஊர்ப்பெரியவர்கள் மீண்டும் பேச்சைத் தொடங்குவர். பல வழக்குகள் அவ்விடத்திலேயே முடிந்தன. அந்தச் சமரசத்துக்கு வலிமை தந்தது ஊரின் நல்லிணக்கம் மட்டுமன்று. பேச்சு முறிந்தால் நாளை நீதிமன்றத்துக்குப் போகலாம் என்னும் நிலையும்தான். நலிந்தவரிடம் இருந்த பிடிமானம் அது.

நெருக்கத்தை நிறுவனமாக்குதல்

இதற்கு இணையாக இன்னொரு மரபும் ஓடிவந்தது. 1070இல் சோங் அரசமரபின் அமைச்சர் வாங் அன்ஷி அறிமுகப்படுத்திய ‘பாவ்ஜியா’ முறை, குடும்பங்களைத் தொகுதிகளாகப் பிணைத்து, ஒருவரது குற்றத்துக்கு மற்றவரையும் பொறுப்பாக்கியது. பிற்கால அரசுகள் பலவும் அதைப் புதுப்பித்தன. 1930களில் குவோமின்டாங் அரசும், தைவானை ஆண்ட ஜப்பானியரும் அதைக் கையாண்டனர். அண்டை வீட்டார் இங்கே உறவினரல்லர்; கண்காணிப்பவர்.

1949க்குப் பிந்தைய அமைப்புகளில் இரு மரபுகளும் கலந்தன. 1954இல் நகரக் குடியிருப்போர் குழுக்களுக்கும் மக்கள் சமரசக் குழுக்களுக்கும் தனித்தனி விதிகள் வகுக்கப்பட்டன. 1958இல் வந்த ‘ஹூகோ’ என்னும் குடும்பப் பதிவுச் சட்டம் மனிதரை அவரவர் இடத்தில் நிறுத்தியது. ‘தன்வெய்’ எனப்பட்ட பணியிட அலகு வேலை, வீடு, மருத்துவம், பங்கீடு அனைத்தையும் தன் கையில் வைத்திருந்தது. மணம் புரியவும் அதன் சான்றுக்கடிதம் தேவைப்பட்டது. இத்தகைய சூழலில் பணியிடத் தலைவர் சமரசம் பேசினால் அதை மறுப்பதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 1967இலேயே ஸ்டான்லி லப்மன் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர், மாவோ காலச் சமரசர் பூசலைத் தீர்ப்பவராக மட்டுமன்றிக் கட்சியின் கொள்கையை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பவராகவும் மாறியதைச் சுட்டிக்காட்டினார்.

ஆயினும் புரட்சி மரபை முற்றிலும் ஒரே நிறத்தில் தீட்டுவது பொருந்தாது. 1940களில் ஷான்சி-கான்சு-நிங்சியா எல்லைப் பகுதியில் நீதிபதியாக இருந்த மா சிவூ வயல்வெளிக்கே சென்று ஊராரைக் கேட்டு வழக்குகளை முடித்தவர். தன் மகளின் மண ஒப்பந்தத்தை முறித்துக் கூடுதல் மணப்பணத்துக்கு வேறிடம் பேசிய தந்தையின் வழக்கில், அந்தப் பெண்ணின் விருப்பத்தை அவளிடமே கேட்டறிந்து, அவள் விரும்பியவனுடனான மணத்தை உறுதிசெய்தார். பின்னாளில் நாடகமாகவும் பாடலாகவும் அவ்வழக்கு புகழ்பெற்றது. ‘மா சிவூ முறை’ என்று இன்று புகழப்படும்போது அவர் வயலுக்குப் போனதே நினைவுகூரப்படுகிறது. பெண்ணைக் கேட்டது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

ஃபெங்ச்சியாவ்

இன்றைய சீன நிருவாக மொழியில் அடிக்கடி ஒலிக்கும் ஊர்ப்பெயர் ஃபெங்ச்சியாவ். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஜெஜியாங் மாகாணத்தில், ஜூஜி வட்டாரத்தில் உள்ளது. 1963இல் சோசலிசக் கல்வி இயக்கத்தின் சோதனைக் களங்களுள் ஒன்றாக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. நிலக்கிழார், பணக்கார உழவர், எதிர்ப்புரட்சியாளர், தீயோர் என்று முத்திரையிடப்பட்ட ‘நால்வகையினரை’ என்ன செய்வது என்பதே அங்கு எழுந்த கேள்வி. கைதுசெய்து மேலே அனுப்பாமல், மக்களைக் கொண்டே விவாதக் கூட்டங்களில் அவர்களை இணங்கவைத்து, ஊரிலேயே உழைப்பின்கீழும் கண்காணிப்பின்கீழும் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் மாவோ அதனைப் பாராட்டி நாடெங்கும் பரப்பச் சொன்னார். முரண்பாடுகளை மேலே அனுப்பாமல் அந்தந்த இடத்திலேயே தீர்ப்பது என்பது அதன் சாரமாக இன்றும் கூறப்படுகிறது.

இங்கு ஒரு வரலாற்று முரண் உள்ளது. ஃபெங்ச்சியாவ் முறை தோன்றிய சூழலில் பூசலிடும் இரு தரப்பினர் இல்லை. கூட்டமும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் மட்டுமே இருந்தனர். சிறைக்குப் போவதைவிட ஊரில் இருப்பது மேல் என்பது உண்மைதான். அக்காலத்தின் பிற வன்முறைகளோடு ஒப்பிட்டால் அதை மென்மையான வழி என்றும் சொல்லலாம். ஆயினும் ‘இதை ஏற்கமாட்டேன், என்னை நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்’ என்று சொல்லும் வாய்ப்பு அந்த மனிதருக்கு இருக்கவில்லை. நால்வகை முத்திரைகள் 1979இல் பெரும்பாலோரிடமிருந்து அகற்றப்பட்ட பின்னரும் முறையின் பெயர் நிலைத்தது; உள்ளடக்கம் மட்டும் மாறியது. 2003இல், அப்போது ஜெஜியாங் மாகாணக் கட்சிச் செயலராக இருந்த ஷி ஜின்பிங் அதனை மீண்டும் முன்னிறுத்தினார்; 2013இல் அதன் ஐம்பதாம் ஆண்டில், நாட்டின் தலைவராக அதனைப் போற்றி வளர்க்கப் பணித்தார். 2019க்குப் பிறகு ‘ஃபெங்ச்சியாவ் பாணிக் காவல் நிலையங்கள்’ நாடெங்கும் அறிவிக்கப்பட்டன. இன்று அப்பெயரின்கீழ் நடப்பது பெரும்பாலும் எல்லைத் தகராறு, கூலி பாக்கி, சாலை விபத்து இழப்பீடு போன்றவற்றின் தீர்வே. அவற்றால் பயன்பெறுவோர் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. வழக்கறிஞர் கட்டணம் இல்லை. மாதக்கணக்கில் காத்திருப்பும் இல்லை.

நாணமும் அவமதிப்பும்

குற்றவியலாளர் இம்முறைகளில் ஈடுபாடு கொண்டதற்கு ஜான் பிரெய்த்வெயிட் 1989இல் முன்வைத்த கோட்பாடு ஒரு முக்கியக் காரணம். குற்றம் செய்தவரை நாணச்செய்து மீண்டும் சமூகத்தில் சேர்த்துக்கொள்ளும் நாணுறுத்தல் குற்றத்தைக் குறைக்கும். முத்திரை குத்தி விலக்கும் நாணுறுத்தல் அதைப் பெருக்கும் என்பது அவர் கருத்து. தமிழில் இவ்வேறுபாடு எளிதில் புரியும். நாணம் வேறு, அவமதிப்பு வேறு. பிரெய்த்வெயிட்டின் நூலில் முதன்மை எடுத்துக்காட்டு ஜப்பான். பின்வந்தோர் சீனத்துக்கும் அதைப் பொருத்திப் பார்த்தனர். குறிப்பாக ‘பாங்ஜியாவ்’ எனப்படும் உதவி-கல்விக் குழுக்கள் அவர்களது கவனத்தை ஈர்த்தன. சிறுகுற்றம் புரிந்த இளைஞரையோ சிறையிலிருந்து திரும்பியவரையோ காவலர், குடியிருப்புக் குழுவினர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் கொண்ட சிறுகுழு பொறுப்பேற்று வழிநடத்தி வேலை தேடித் தருவது அம்முறை. மீளிணைப்புக்கு இதைவிடத் தெளிவான நிறுவன வடிவம் கிடைப்பது அரிது.

இக்கோட்பாட்டுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: நாணுறுத்துபவரும் நாணுபவரும் ஒருவருக்கொருவர் வேண்டியவராக இருக்க வேண்டும். சமூகவியலர் ஃபெய் சியாவ்துங் 1940களிலேயே சீன உறவமைப்பைக் குளத்தில் எறிந்த கல்லிலிருந்து விரியும் வளையங்களுக்கு ஒப்பிட்டார்; தன்னிலிருந்து விலக விலகக் கடமையும் நாணமும் மெலிகின்றன. 1990களில் அரசு ஆலைகள் ஆட்குறைப்புச் செய்து தன்வெய் தளர்ந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதிவிடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்வோர் 37 கோடியே 58 இலட்சம் பேர். இவர்கள் எந்தக் குழுவின் முன் நாணுவர்? நெருக்கம் இயல்பாக இல்லாத இடத்தில் அதை நிருவாகம் செயற்கையாகப் படைக்க வேண்டியதாயிற்று. 2004இல் பெய்ஜிங்கின் டொங்செங் பகுதியில் தொடங்கி, தெருக்களைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பணியாளரை அமர்த்தும் கட்ட மேலாண்மை அதன் ஒரு வடிவம்.

மென்மையான கையோடு வன்மையான கையும் எப்போதும் இருந்தது. 1983இல் டெங் சியோபிங்கின் முன்முயற்சியில் தொடங்கிய ‘கடுமையாகத் தாக்கு’ இயக்கத்தின்போது, கொடுங்குற்றங்கள் சிலவற்றில் மரண தண்டனைக்கான மேல்முறையீட்டுக் காலம் 10 நாளிலிருந்து 3 நாளாகச் சுருக்கப்பட்டது. அத்தண்டனைகளை இறுதியாக்கும் அதிகாரம் மாகாண உயர்நீதிமன்றங்களுக்கு விடப்பட்டது. உச்சநீதிமன்றம் அதை மீட்டுக்கொண்டது 2007 ஜனவரி 1 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில், 1995இல் ஹெபெய் மாகாணத்தில் கொலை, பாலியல் வன்முறைக் குற்றங்களுக்காகக் கொல்லப்பட்ட நியே ஷூபின், 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தால் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். சமரசத்தைப் புகழும் ஆய்வும் இவ்வியக்கங்களைச் சாடும் ஆய்வும் வெவ்வேறு இதழ்களில் வெவ்வேறு அறிஞர்களால் எழுதப்படுவதால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பது குறைவாகவே நிகழ்கிறது. முடிவை எதிர்த்துப் பேசும் கால அளவையும் வழியையும் குறுக்குவது இரண்டுக்கும் பொதுவானது. மரண தண்டனையில் அக்குறுக்கலை யாரும் எளிதில் காண்பர். குடியிருப்புக் குழுவின் தேநீர் மேசையில் காண்பது கடினம்.

உறவின் வழி அழுத்தம்

அதே ஜெஜியாங்கில் 2005இல் நடந்த நிகழ்வு இதைத் தெளிவுபடுத்தும். டொங்யாங் நகராட்சிக்கு உட்பட்ட ஹுவாசி கிராமத்தார், தங்கள் நிலத்தையும் நீரையும் கெடுத்த வேதித் தொழிற்சாலைகளை எதிர்த்துப் பாதையில் கூடாரம் அடித்து அமர்ந்தனர். முதியோர் பலர் அதில் இருந்தனர். ஏப்ரலில் பெருமோதல் வெடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ளூர் நிருவாகம் கையாண்ட வழியை டெங் யான்ஹுவா, கெவின் ஓ’பிரையன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தனர். போராடுவோரின் உறவினருள் அரசு ஊதியம் பெறுபவர்கள், அதாவது ஆசிரியர், அலுவலர் போன்றோர், தேடித் திரட்டப்பட்டனர். தத்தம் உறவினரிடம் பேசி அவர்களைக் கூடாரத்திலிருந்து எழச்செய்வது அவர்களுக்கு இடப்பட்ட பணி. தவறினால் ஊதியமும் பதவியும் பாதிக்கப்படலாம். ஆய்வாளர் இதற்கு இட்ட பெயர் ‘உறவுவழி ஒடுக்குமுறை’.

வெளியிலிருந்து பார்த்தால் இது சமரசத்தின் இலக்கணத்துக்கு முழுதும் பொருந்துகிறது. பேசுபவர் அந்நியர் அல்லர், குரல் உயர்வதில்லை, உறவும் நாணமும் நன்றிக்கடனும் துணைக்கழைக்கப்படுகின்றன. மருமகனின் வேலை போய்விடும் என்று கருதி எழுந்து வீட்டுக்குப் போகும் முதியவர் தம் விருப்பத்தாலேயே எழுந்தார் என்று பதிவேட்டில் எழுதலாம். ஆனால் அங்கு இம்முறை பெரிதும் பலிக்கவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். உறவு மெலிந்திருந்த இடங்களில் பேச்சு எடுபடவில்லை. அனுப்பப்பட்டவர் சிலருக்கே மனமொப்பவில்லை. தொழிற்சாலைகள் பின்னர் மூடப்பட்டன.

வெற்றி விழுக்காடு என்பது எதை அளக்கிறது?

2010இல் இயற்றப்பட்டு 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மக்கள் சமரசச் சட்டம் எழுத்தளவில் குறை சொல்லத்தக்கதன்று. சமரசம் தன்விருப்பத்தின்பாற்பட்டது, சமரசம் காரணமாக எவரும் நீதிமன்றம் செல்வதைத் தடுக்கலாகாது, கட்டணம் இல்லை, இரு தரப்பும் கூட்டாக 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் நீதிமன்றம் உடன்பாட்டை உறுதிசெய்யும். 2010களில் நாடெங்கும் மக்கள் சமரசக் குழுக்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 இலட்சம் பூசல்களைக் கையாண்டதாகவும் அவற்றுள் 95 விழுக்காட்டுக்கு மேல் தீர்ந்ததாகவும் அரசுப் புள்ளிவிவரங்கள் கூறின.

ஒப்பீட்டாய்வாளர் பலர் இவ்விழுக்காட்டை அப்படியே எடுத்தாள்கின்றனர். பூசல் தீர்வு பற்றிக் களப்பணி செய்த எவரும் இத்தகைய எண்ணைக் கண்டால் சற்று நிற்பர். எண் பொய்யாக இருக்க வேண்டிய தேவையில்லை. அது எதை எண்ணுகிறது என்பதே கேள்வி. உள்ளூர் அதிகாரியின் பதவி உயர்வு, அவரது எல்லையிலிருந்து எத்தனை முறையீட்டாளர்கள் மேலிடத்துக்குச் சென்றனர் என்பதைப் பொறுத்திருந்தது. சமூக அமைதியில் தவறினால் பிற சாதனைகள் யாவும் செல்லாதனவாகும் ‘ஒரே வாக்கு மறுப்பு’ முறையும் நடைமுறையில் இருந்தது. முறையீட்டு எண்ணிக்கையைக் கொண்டு மாகாணங்களைத் தரவரிசைப்படுத்துவது 2013இல் கைவிடப்பட்டது. ஆயினும் பூசல் மேலே போகாமலிருப்பதில் தாமே ஆதாயம் உடையவர், அது தீர்ந்துவிட்டது என்று கையொப்பமிடும் அமைப்பு மாறிவிடவில்லை. ஹுவாங் கண்ட சிங் காலச் சமரசருக்கு இத்தகைய கணக்கு இருக்கவில்லை. பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றம் போனால் அவருக்குச் சற்று முகவாட்டம் ஏற்படும், அவ்வளவே.

குற்ற வழக்குகளிலும் இதே வினா எழுகிறது. 2013 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டம், தனிமனிதப் பூசலில் விளைந்த, மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய சில குற்றங்களிலும், ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய கவனக்குறைவுக் குற்றங்கள் பெரும்பாலானவற்றிலும் இணக்கத்துக்கு இடமளித்தது. குற்றவாளி மனம் வருந்தி, இழப்பீடும் மன்னிப்பும் வழங்கி, பாதிக்கப்பட்டவர் மனமுவந்து ஏற்றால் தண்டனையைக் குறைக்கலாம். சாலை விபத்தில் மகனை இழந்த ஏழைக் குடும்பம் பணத்தை ஏற்பது மனமுவந்ததா, வேறு வழியின்மையா என்பதைச் சட்டவாசகத்தால் பிரித்தறிய இயலாது.

மணமுறிவு மனுக்கள்

மறுக்கும் உரிமையின் நிலையை மிகத் துல்லியமாகக் காட்டுவது குடும்பத் தகராறுதான். கணவன் அடித்தான் என்று வரும் பெண்ணிடம் குடும்பம் கலையக்கூடாது என்று பேசுவது சமரசக் குழுவின் நெடுநாள் வழக்கம். 2001இல் திருத்தப்பட்ட திருமணச் சட்டம் குடும்ப வன்முறையை மணமுறிவுக்குரிய காரணமாகப் பட்டியலிட்டது. 2016 மார்ச் 1 முதல் குடும்ப வன்முறை எதிர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கும் காவல்துறையின் எழுத்துவழி எச்சரிக்கைக்கும் வழிசெய்தது. 2021இல் வந்த குடிமைச் சட்டத்தொகுப்பு, இருவரும் இசைந்து பதிவு அலுவலகத்தில் பெறும் மணமுறிவுக்கும் 30 நாள் காத்திருப்பை விதித்தது.

வழக்காகத் தொடரப்படுபவற்றில் நீதிபதி முதலில் சமரசம் பேசியாக வேண்டும். ஈத்தன் மிச்செல்சன் 2022இல் வெளியிட்ட நூலில், ஹெனான், ஜெஜியாங் ஆகிய இரு மாகாணங்களின் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மணமுறிவுத் தீர்ப்புகளைக் கணினி வழி ஆராய்ந்தார். முதன்முறை தொடுக்கப்படும் மனுக்களை நீதிமன்றங்கள் பெரும்பாலும் தள்ளுபடி செய்தன. வன்முறையைக் குறிப்பிட்ட மனுக்களுக்கும் இதுவே நேர்ந்தது. மனுதாரருள் பெரும்பான்மையினர் பெண்கள். இருவரிடையே அன்பு முற்றிலும் முறிந்துவிடவில்லை என்பது வழக்கமான காரணம். கணவன் கேட்ட மன்னிப்பும், இனி அடிப்பதில்லை என்று எழுதித் தந்த உறுதிமொழியும் இணக்கத்துக்கு இன்னும் இடமுண்டு என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. புதிய காரணம் இல்லையேல் அடுத்த ஆறு மாதத்துக்கு அவள் மீண்டும் மனுச் செய்ய இயலாது. மறுமுறை வரும்போது மணமுறிவு கிட்டும் வாய்ப்பு கூடுகிறது. வழக்குச்சுமை மிக்க நீதிபதிக்கு முதல் மனுவைத் தள்ளுவது எளிது. தீர்ப்பால் சினமுற்ற கணவன் விபரீதம் எதுவும் செய்துவிட்டால் பழி தம்மீது வரும் என்னும் அச்சமும் உண்டு. ஊர்ச் சமரசரின் மனநிலை இங்கு நீதிபதியின் இருக்கையிலேயே வந்தமர்ந்துவிடுகிறது. சிங் காலப் பெண்ணுக்கு இல்லாத எத்தனையோ உரிமைகள் அவளுக்கு உண்டு. ஆனால் பேச்சு முறிந்தபின் தெளிவான தீர்ப்பு என்னும் ஹுவாங் கண்ட அந்த இரண்டாம் படி அவளுக்கு ஆறு மாதம் தள்ளி நிற்கிறது.

தரவு பற்றி ஒரு குறிப்பு இங்கு இன்றியமையாதது. சீனத் தீர்ப்புகள் இணையத்தில் பெருமளவில் வெளியிடப்பட்டதாலேயே மிச்செல்சனின் ஆய்வு இயன்றது. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த உச்சநீதிமன்ற விதிகள் மணமுறிவு வழக்குகளை வெளியீட்டிலிருந்து விலக்கின. சமரசத்தில் முடிந்த வழக்குகளும் மக்கள் சமரச உடன்பாட்டை உறுதிசெய்யும் ஆணைகளும், அரிய விதிவிலக்கு நீங்கலாக, அவற்றுடன் விலக்கப்பட்டன. தனிமனித மறைவு காத்தல் இதற்குரிய நியாயமான காரணமே. ஆயினும் இனிவரும் ஆய்வாளர் கையில் இருக்கப்போவது சமரசத்துக்கு உடன்படாதவர்களின் தீர்ப்புகளும், உடன்பட்டவர்களின் மொத்த எண்ணிக்கையும்தான். முன்னதிலிருந்து பின்னதை ஊகிக்க, முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடையில் அதே பெண்ணிடம் யார் யார் வந்து பேசினர் என்பதை நேர்காணலால் பதிவுசெய்வதே இப்போது திறந்திருக்கும் வழி.